ஹார்மானிக் அனாலிசிஸ்: எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கு முன் ஆறு மாத இடைவெளியில் இருக்கும் ஒரு மாணவி போன மாதம் கேட்டார்: “அண்ணா, ஃபூரியர் அனாலிசிஸ் ஒழுங்காப் படிக்கணும். எந்த புக் வாங்கட்டும்?” ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. சார்புகளை சைன், கொசைன் அலைகளாகப் பிரித்து ஆராயும் இந்தத் துறைக்குள் போக மூன்று வாசல்கள் உண்டு. வாசல் மாறினால் உள்ளே தெரியும் வீடே மாறிவிடும். வட்டத்தின் மீது எழுதப்படும் பழைய ஃபூரியர் தொடர் ஒரு வாசல். யூக்ளிட் வெளியில் மேக்சிமல் சார்பு, சிங்குலர் இன்டக்ரல் என்று சமனிலிகளோடு மல்லுக்கட்டுவது இன்னொன்று. எல்லாவற்றையும் குலம், அதாவது குரூப், என்ற ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருவது மூன்றாவது. மூன்றுக்கும் பாடத்திட்டத்தில் ‘ஹார்மானிக் அனாலிசிஸ்’ என்று ஒரே பெயர் போட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் எனக்குப் பொருந்தாத வாசலில் நுழைந்து திரும்பியவன். நான் படித்த கல்லூரி நூலகத்தில் இந்தத் தலைப்பில் கிடைத்தது ஹ்யூவிட்டும் ராஸும் எழுதிய இரண்டு தடித்த தொகுதிகள் மட்டுமே; முதலாவது 1963-ல் வந்தது, இரண்டாவது 1970-ல். கிடைத்ததைப் படித்தேன். நான்கு மாதம் கழித்து ஹார் அளவையை (குலத்தின் மீது, நகர்த்தினாலும் மாறாத ஓர் அளவை) கட்டுவது எப்படி என்று கரும்பலகையில் தடுமாறாமல் எழுத முடிந்தது. அப்புறம் ஒரு பிஎச்.டி. நேர்காணலில் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: “தொடர்ச்சியான சார்பின் ஃபூரியர் தொடர் ஏன் ஒருங்காமல் போகலாம்?” விழித்தேன். நான் படித்தவற்றில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட நான் போயிருக்கவில்லை.

இப்போது அந்தக் கேள்வியையே உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். வெப்பம் பரவுவதைப் பற்றி 1807-ல் பாரிசில் ஃபூரியர் கட்டுரை சமர்ப்பித்தபோது லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளாமல் போனதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான். ஒரு சார்பை சைன், கொசைன்களாகப் பிரித்துவிட்டோம். அவற்றைத் திரும்பக் கூட்டினால் அதே சார்பு வருமா? இதற்கு மூன்று வாசல்களிலும் மூன்று விதமான பதில் கிடைக்கிறது. பதிலைப் பார்த்தால் வாசலின் குணமும் தெரிந்துவிடும்.

முதல் வாசலில் கேள்வி நேருக்கு நேர் நிற்கிறது. தொடரின் முதல் என் (n) உறுப்புகளைக் கூட்டுவதும், சார்பை டிரிக்லே கெர்னல் என்ற குறிப்பிட்ட சார்போடு கன்வல்யூஷன் செய்வதும், அதாவது அதை நகர்த்தி நகர்த்திப் பெருக்கித் தொகையிடுவதும், ஒன்றே. அந்தக் கெர்னல் நேர்மறை, எதிர்மறை என்று மாறி மாறி ஆடும். அதன் மொத்தத் தொகை எப்போதும் 1. ஆனால் குறியை நீக்கி மட்டு மதிப்பை மட்டும் தொகையிட்டால், அது ஏறத்தாழ 0.405 மடங்கு லாக் என் அளவுக்கு வளர்ந்துகொண்டே போகும். இது மெதுவான வளர்ச்சிதான், ஆனாலும் வரம்பற்றது. ஃபங்ஷனல் அனாலிசிஸ் தேர்வுக்காக உருப்போட்ட யூனிஃபார்ம் பவுண்டட்னஸ் தேற்றம் இங்கே முதன்முறையாக வேலைக்கு வருகிறது: கெர்னலின் அளவு வரம்பற்றது என்பதாலேயே, ஏதோ ஒரு தொடர்ச்சியான சார்பின் தொடர் ஒரு புள்ளியில் ஒருங்காமல் விரிந்தே ஆக வேண்டும். இந்தக் கருவி எதுவும் இல்லாமல், 1873-ல் துபுவா-ரேமோன் அப்படியொரு சார்பைக் கையாலேயே கட்டிக் காட்டினார்.

அடுத்து ஃபேயேர் வருகிறார். 1900-ல், இருபது வயதில், பகுதிக் கூட்டுத்தொகைகளை அப்படியே எடுக்காமல் அவற்றின் சராசரியை எடுத்தார். சராசரியின் கெர்னல் ஒருபோதும் எதிர்மறையாகாது. அந்த ஒரு குணம் போதும்; எந்தத் தொடர்ச்சியான சார்புக்கும் சராசரிகள் வட்டம் முழுவதும் சீராக ஒருங்குகின்றன. இரண்டு கெர்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் செலவழியுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் இந்தப் படம் கூடவே வரும்.

இந்த வாசலில் கிடைக்காததும் ஒன்று உண்டு. கோல்மகோரோவ் 1923-ல் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் விரியும் தொடரையும், 1926-ல் எல்லாப் புள்ளிகளிலுமே விரியும் தொடரையும் கொடுத்தார். அந்தச் சார்புகள் தொகையிடத்தக்கவை மட்டுமே, தொடர்ச்சியானவை அல்ல. மறுபக்கம், வர்க்கம் தொகையிடத்தக்க சார்பாக இருந்தால் தொடர் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் ஒருங்கும் என்று கார்ல்சன் 1966-ல் நிரூபித்தார். ஒன்றைவிடப் பெரிய எந்த அடுக்குக்கும் அது செல்லும் என்று ஹன்ட் 1968-ல் நீட்டினார். கார்ல்சன் தேற்றத்தின் கூற்றை முதல் வாசலில் நின்று வியக்கலாம். நிரூபணத்தைத் தொட இரண்டாம் வாசலின் கருவிகள் வேண்டும்.

புத்தகம் என்று கேட்டால், இங்கே போட்டி இரண்டுக்கு இடையில். ஸ்டைனும் ஷகார்ச்சியும் 2003-ல் வெளியிட்ட நான்கு தொகுதி வரிசையின் முதல் புத்தகம் ரீமான் தொகையீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறது. வைலின் சீர்ப்பரவல் தேற்றம், கூட்டுத்தொடர் வரிசையில் பகா எண்கள் முடிவில்லாமல் வரும் என்ற டிரிக்லேயின் தேற்றம், தொடர்ச்சியாக இருந்தும் எங்குமே வகையிட முடியாத சார்பு எல்லாம் அதில் உண்டு. படிக்கச் சுகமான புத்தகம். எம்.எஸ்சி. முடித்தவருக்கு அந்தச் சுகமே ஆபத்து, ஏனென்றால் அது இளநிலை மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. மெஷர் தியரி படித்த பிறகும் அதிலேயே மூன்று மாதம் இருந்தால், நீந்தத் தெரிந்தவர் படித்துறையிலேயே உட்கார்ந்திருப்பது போல. இரண்டாவது காட்ஸ்நெல்சன். 1968-ல் முதல் பதிப்பு வந்தது. மலிவான டோவர் பதிப்பும், 2004-ல் வந்த கேம்பிரிட்ஜ் மூன்றாம் பதிப்பும் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தைக்கூட வீணாக்காத மனிதர் அவர். ‘எளிதில் காணலாம்’ என்ற தொனி வரும் இடத்தில் பென்சிலோடு அரை நாள் உட்கார வேண்டியிருக்கும். மெஷர் தியரியும் பனாக் வெளிகளும் தெரிந்தவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் நேரமில்லை, ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் ராஜேந்திர பாட்டியாவின் சின்னப் புத்தகம் ஃபூரியர் தொடருக்குப் போதும்.

இரண்டாம் வாசலுக்கு வருவோம். என் பாரபட்சத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இப்போது குடியிருப்பது இங்கேதான்.

இதன் முதல் படி 1930-ல் ஹார்டியும் லிட்டில்வுட்டும் எழுதிய கட்டுரை. மேக்சிமல் சார்பை அவர்கள் அறிமுகப்படுத்தியது கிரிக்கெட்டை வைத்து. ஒரு ஆட்டக்காரர் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும், அந்த இன்னிங்ஸில் முடியும் ஏதாவது ஒரு தொடர் வரிசையின் மிக உயர்ந்த சராசரியை வைத்துத் தன் மனநிறைவை அளக்கிறார். அடித்த ரன்கள் அதேதான், வரிசையை மட்டும் மாற்றலாம் என்றால் மொத்த மனநிறைவு எப்போது உச்சம் தொடும்? பெரிய ஸ்கோரில் தொடங்கி இறங்கு வரிசையில் எடுத்தால். சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் இது புரியும். பழைய பெரிய இன்னிங்ஸை வைத்தே பல ஆட்டங்களுக்கு மனசைத் தேற்றிக்கொள்கிறவர்களை நமக்குத் தெரியாதா?

இங்கே கற்றுக்கொள்வது தேற்றங்களைவிட ஒரு கைப்பழக்கம் என்றே சொல்வேன். எடுத்துக்காட்டாக, கால்டெரோனும் சிக்மண்டும் 1952-ல் கையாண்ட பிரிப்பு. ஒரு சார்பும் ஒரு எண்ணும் கையில் இருக்கின்றன. வெளியைப் பெரிய சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் சார்பின் சராசரியைப் பாருங்கள். அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் அந்தச் சதுரத்தைத் தனியே எடுத்துவையுங்கள். தாண்டாவிட்டால் நான்காக வெட்டி மறுபடி பாருங்கள். பாகப்பிரிவினையில் வம்பு உள்ள துண்டுகளை மட்டும் தனியே வேலி போடுவது மாதிரி. வேலிக்கு வெளியே சார்பு கட்டுக்குள் இருக்கும். வேலிக்கு உள்ளே பெரிதாக இருந்தாலும், வேலி போட்ட நிலத்தின் மொத்தப் பரப்பு சிறியது. சராசரியைக் கழித்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இந்த ஒரு உத்தியில் இருந்து ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம் (சிங்குலர் இன்டக்ரலின் மூல உதாரணம்) உட்பட ஒரு பெரிய ஆபரேட்டர் கூட்டமே கட்டுக்குள் வந்துவிடுகிறது.

உரைகல் கேள்விக்கு இங்கே என்ன பதில்? பகுதிக் கூட்டுத்தொகை என்பது ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்மின் மாறுவேடம்தான். அந்த ஆபரேட்டர் எல்-பி வெளிகளில் (மட்டு மதிப்பின் பி-ஆம் அடுக்கு தொகையிடத்தக்க சார்புகளின் வெளிகள்), பி ஒன்றுக்கு மேலும் முடிவிலிக்குக் கீழும் இருக்கும்போது கட்டுக்குள் இருக்கிறது என்று மார்செல் ரீஸ் காட்டினார். எனவே அந்த வெளிகளின் நார்மில் தொடர் ஒருங்குகிறது. எல்-1-ல் முடியாது. இதுவரை அழகான கதை. சுவாரசியம் அடுத்த வரியில் இருக்கிறது. இரண்டு மாறிகளுக்குப் போய், அதிர்வெண்களைச் சதுரமாக வெட்டிக் கூட்டினால் அதே பதில் வரும். வட்டமாக வெட்டிக் கூட்டினால்? எல்-2-ஐத் தவிர வேறெங்கும் ஒருங்காது என்று 1971-ல் சார்ல்ஸ் ஃபெஃபர்மன் நிரூபித்தார். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இவ்வளவு வேறுபாடு! அவர் கையில் எடுத்த ஆயுதம் பெசிகோவிச்சின் பழைய விசித்திரம்: எல்லாத் திசைகளிலும் ஓர் அலகு நீள ஊசியைத் தனக்குள் வைத்திருந்தும், பரப்பு பூஜ்யமாக இருக்கக்கூடிய கணங்கள். அந்த ஊசிக் கணங்கள் முப்பரிமாணத்தில் எவ்வளவு மெலிய முடியும் என்ற கேள்வி பல பத்தாண்டுகள் திறந்தே கிடந்தது. அவற்றின் பரிமாணம் 3-ஐவிடக் குறையாது என்ற நிரூபணத்தை ஹாங் வாங்கும் ஜோஷுவா ஜாலும் 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். இன்று நாற்பது பக்கத்தில் படிக்கும் கருவிகளுக்கும் நேற்றைய ஆராய்ச்சிக்கும் இடையே தூரம் குறைவு என்பது இந்த வாசலின் பெரிய கவர்ச்சி.

குறையும் இருக்கிறது, அது சிறியது அல்ல. வரிக்கு வரி ‘சி’ என்ற மாறிலி வரும். ஒவ்வொரு வரியிலும் அதன் மதிப்பு வேறு. யாரும் கவலைப்பட மாட்டார்கள். வரையறை, தேற்றம், நிரூபணம், பதினைந்து மதிப்பெண் என்று பழகிய நமக்கு முதல் இரண்டு மாதம் இது கணிதம்தானா என்றே சந்தேகம் வரும். கட்டமைப்பின் அழகு தேடி வருகிறவர்கள் இங்கே சலித்துப்போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புத்தகங்களில் என் முதல் தேர்வு துவோஆந்திகோஎச்சியாவின் ‘ஃபூரியர் அனாலிசிஸ்’. மாட்ரிட்டில் ரூபியோ தே பிரான்சியா நடத்திய முதுநிலைப் பாடத்தில் இருந்து விளைந்தது. ஆங்கிலப் பதிப்பு 2001-ல் வந்தது. மெலிந்த புத்தகம், ஒரே பாதை, வழியில் கடைகண்ணி கிடையாது. கிராஃபகோஸின் இரண்டு தொகுதிகளும் இதற்கு நேர் எதிர்: எல்லாம் இருக்கும், எல்லாப் படியும் எழுதியிருக்கும், பயிற்சிக் கணக்குகள் குவிந்து கிடக்கும். அகராதி மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்ள ஏற்றது. முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் படிக்கிறேன் என்று கிளம்பியவர்களில் பாதிப் பேர் இன்டர்பொலேஷன் அத்தியாயத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டைனின் 1970 புத்தகம் இன்னும் கிழடாகவில்லை. ஆனால் அது இரண்டாம் வாசிப்புக்கு.

மூன்றாம் வாசலில் உரைகல் கேள்விக்கு வரும் பதில் விசித்திரமானது: கேள்வியே கரைந்துவிடுகிறது. வட்டத்தின் இருமம், அதாவது அதன் அதிர்வெண்களின் குலம், முழு எண்கள். அவற்றை மைனஸ் என்னில் இருந்து பிளஸ் என் வரை என்று வரிசைப்படுத்திக் கூட்டினோம். பொதுவான ஒரு கச்சிதக் குலத்தில் அதிர்வெண்களுக்கு அப்படி இயல்பான வரிசை எதுவும் கிடையாது. வரிசை இல்லையென்றால் ‘முதல் என் உறுப்புகள்’ என்பதற்கே பொருளில்லை. மிஞ்சுவது பிளாஞ்செரல் தேற்றமும் (ஃபூரியர் மாற்றம் எல்-2 நார்மைக் காக்கும் என்பது), ஃபேயேர் மாதிரியான நல்ல கெர்னல்களும்தான். என் நேர்காணல் ஏன் அப்படி ஆனது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே முழுசாகத் தெளிகிறது.

அதற்கு ஈடாக இந்த வாசல் கொடுப்பதும் அதிகம். ஒரு ஃபூரியர் தொடர் தனிமுறையாக ஒருங்குகிறது, அதன் கூட்டுத்தொகை வட்டத்தில் எங்கும் பூஜ்யமாகாது என்றால், அதன் தலைகீழுக்கும் அதே குணம் உண்டு என்பது வீனர் நிரூபித்த துணைத்தேற்றம். வீனர் உழைத்துத்தான் பெற்றார். 1941-ல் கெல்ஃபண்ட், இந்தச் சார்புகளின் இயற்கணிதத்தில் மீப்பெரு ஐடியல்கள் வட்டத்தின் புள்ளிகளே என்று கண்டதும் நிரூபணம் சில வரிகளில் முடிந்தது. ஹார் அளவை 1933, பொன்ட்ரியாகின் இருமை 1934, அதற்கு முன்பே 1927-ல் பீட்டர்–வைல் தேற்றம் என்று பத்தாண்டுக்குள் கட்டிய இந்த மாளிகையில், 1950-ல் ஜான் டேட் தன் பிரின்ஸ்டன் ஆய்வேட்டை எழுதினார். சீட்டா சார்பின் சார்புச் சமன்பாடு, அடேல்கள் (மெய்யெண்களையும் எல்லா பி-அடிக் எண்களையும் ஒன்றாகக் கட்டிய வளையம்) மீதான ஃபூரியர் பகுப்பாய்வில் இருந்து இயல்பாக விழுந்தது. எண் கோட்பாட்டுக்குப் போகிறவர் இந்த வாசலைத் தவிர்க்கவே முடியாது. புத்தகம் ஃபாலண்ட், 1995-ல் வந்தது. ருடினின் 1962 புத்தகம் பரிமாற்றுக் குலங்களோடு நின்றுவிடுவது. ஹ்யூவிட்–ராஸை மட்டும் தனியே படிக்கத் தொடங்காதீர்கள். என் நான்கு மாதம் போதும்.

இரண்டாம் வாசலும் மூன்றாம் வாசலும் ஒரே முற்றத்தில் சேரும் இடங்களும் உண்டு. ஹைசன்பர்க் குலம் அப்படிப்பட்டது: குலத்தின் கட்டமைப்பும் வேண்டும், சமனிலியும் வேண்டும். ஸ்டைனிடம் பிரின்ஸ்டனில் ஆய்வு செய்து பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் நெடுங்காலம் பணியாற்றிய எஸ். தங்கவேலு, ஹெர்மிட், லாகெர் விரிவுகளைப் பற்றி 1993-ல் பிரின்ஸ்டன் வெளியிட்ட புத்தகத்தில் இந்த முற்றத்தில்தான் நிற்கிறார். இந்தியாவில் இந்தத் துறையில் வழிகாட்டி தேடுகிறவர்கள் இந்த மரபு எங்கெல்லாம் கிளைத்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் வழிகாட்டியின் வாசல் எதுவோ அதுதான் பெரும்பாலும் உங்கள் வாசலாகவும் ஆகும்.

வேவ்லெட், அதாவது குறுகிய இடத்துக்குள் அடங்கும் சிற்றலை, பற்றி யாராவது கேட்பார்கள். ஜேபெக் படங்களுக்குள் 1974-ல் அகமது, நடராஜன், ராவ் மூவரும் கொடுத்த கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் இருக்கிறது. ஜேபெக் 2000-ல் வேவ்லெட் இருக்கிறது. நல்ல கணிதம்தான். வேலைக்காகவே படிக்கிறீர்கள் என்றால் சிக்னல் பிராசசிங் துறையில் நேரடியாகச் சேருங்கள். ஹார்மானிக் அனாலிசிஸில் பிஎச்.டி. அதற்குச் சுற்றுவழி.

இனி அந்த மாணவியின் ஆறு மாதத்துக்கு வருகிறேன். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆர்வம், மெஷர் தியரி தெரியும், ஃபங்ஷனல் அனாலிசிஸ் பாதி மறந்துவிட்டது என்றார். இரண்டு மாதம் காட்ஸ்நெல்சனின் முதல் மூன்று அத்தியாயங்கள். மறந்ததெல்லாம் அங்கேயே திரும்ப வந்துவிடும். மூன்றாவது அத்தியாயம் கான்ஜுகேட் சார்பைப் (வட்டத்தின் ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம்) பற்றியது. அது இரண்டாம் வாசலின் திண்ணை. மிச்ச நான்கு மாதம் துவோஆந்திகோஎச்சியாவில் முதல் ஐந்து அத்தியாயம். அதே கேள்வியை எண் கோட்பாட்டில் ஆர்வமுள்ள ஒருவர் கேட்டிருந்தால், முதல் இரண்டு மாதத்தை மாற்றாமல் அடுத்த நான்கில் ஃபாலண்டை வைத்திருப்பேன். ஆபரேட்டர் அல்ஜீப்ராக்காரர் என்றால் வட்டத்தில் ஒரு மாதமே போதும். வட்டத்தைத் தாண்டிக் குதிக்க மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆர்வம் எதில் என்றே தெரியாதவர்களுக்கு மூன்று கணக்குகள் கொடுப்பது என் வழக்கம். ஒன்று, டிரிக்லே கெர்னலின் மட்டுத் தொகை லாக் என் போல வளர்வதைக் காட்டு. இரண்டு, மேக்சிமல் சார்பின் வலுக்குறைந்த சமனிலியை (அது ஓர் எண்ணைத் தாண்டும் இடத்தின் அளவுக்கு வரம்பு) விடாலி மூடல் உத்தியால் நிரூபி. மூன்று, முழு எண்கள், வட்டம், மெய்யெண் கோடு, பிறகு பி-அடிக் முழு எண்கள் ஆகியவற்றின் தொடர்ச்சியான கேரக்டர்கள் (அலகு வட்டத்துக்குச் செல்லும் ஹோமோமார்ஃபிசங்கள்) அனைத்தையும் கண்டுபிடி. எதைச் சீக்கிரம் முடித்தீர்கள் என்று கேட்க மாட்டேன். எதை முடித்த பிறகும் விட மனம் வரவில்லை என்று கேட்பேன்.

அந்த மாணவிக்கும் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்றையும் முடித்திருந்தார். ஆனால் கடிதம் முழுக்க இரண்டாவது கணக்கைப் பற்றியே இருந்தது. விடாலி உத்தியில் ஒரு பரிமாணத்துக்கு 3 என்ற மாறிலி வருகிறது. கோட்டில் இடைவெளிகளைக் கொஞ்சம் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் அது 2 ஆகிறது என்று தானே கண்டுபிடித்திருந்தார். கடைசி வரி: “அண்ணா, இடைவெளிக்கு நடுவில் புள்ளி இருக்கணும்னு வச்சா 2-க்கும் கீழே போக முடியுமா?”

போக முடியும். 11-ஐயும் 61-ன் வர்க்கமூலத்தையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 1.5675, அதுதான் மிகச் சிறந்த மாறிலி என்று 2003-ல் மெலாஸ் நிரூபித்தார். மாணவிக்கு இதை இன்னும் எழுதவில்லை. இன்னொரு வாரம் தேடட்டும். துவோஆந்திகோஎச்சியாவை மட்டும் இப்போதே வாங்கிவிடச் சொல்லிவிட்டேன்.